வாசலோடு நின்ற சியாரத்

நாற்பது வினாடி. சில வெள்ளிக்கிழமைகளில் ஐம்பது. 1954 ஆகஸ்டு வரை, ஒரு நிமிடத்துக்கு மேல் அவர் அங்கே நின்று நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, பெரிய ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது. வாசகசாலையின் மாடி ஜன்னலைத் திறந்தால் எதிரே பள்ளிவாசலின் பக்கச்சுவரும், அதன் பின்னால் கபர்கள் எனும் அடக்கக் குழிகள் இருந்த நிலமும் தெரியும். அந்த நிலத்தைப் பள்ளிப் பறம்பு என்பார்கள். பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கித் தைத்து வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, இண்டர்மீடியட் முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். தைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். சுவர்க் கடிகாரம் தலைக்கு மேலேயே இருந்தது.

ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு கம்பவுண்டர் பறம்பின் மரவாசலுக்கு வருவார். கொக்கியை எடுத்து, ஓரடி மட்டும் உள்ளே வைத்து, நின்ற இடத்திலிருந்தே ஸலாம் சொல்வார். கைகளை ஏந்தி உதடு மட்டும் அசையக் கொஞ்சம் பிரார்த்திப்பார். வாசலைச் சாத்திவிட்டு டிஸ்பென்சரிக்குப் போய்விடுவார். அவருடைய மனைவியின் கபர் வாசலிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி இருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு கறுத்த கல். அவர் அதன் அருகே போனதில்லை. ஸலாம் சொல்லும்போது அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

அவருக்குப் பெயர் இருந்தது. ஊருக்கு அவர் கம்பவுண்டர், என்னைப் போன்ற இளையவர்களுக்குக் காக்கா, அதாவது அண்ணன். பெயரைச் சொல்லி யாரும் அழைத்ததில்லை என்பதால் நானும் எழுதவில்லை. பாறசாலையில் ஒரு டாக்டர் நடத்திய தனியார் டிஸ்பென்சரியில் அவர் மருந்து கலக்குபவர். நோயாளிகள் வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவரும் குப்பியில் மிக்சரை ஊற்றி, வெள்ளைத் தாளைக் கத்தரியால் பற்கள்போல வெட்டி, குப்பியின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு வேளைக்கு ஒரு பல். ஒட்டியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எல்லாப் பல்லும் ஒரே அளவா என்று பார்ப்பார். ஒன்று ஒரு நூல் கூடிவிட்டாலும் பிய்த்துவிட்டு வேறு வெட்டுவார். வரிசையில் காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் அது விழாது.

சான்று என்பதற்கு எங்கள் பக்கத்தில் தெளிவு என்போம். "தெளிவு உண்டா?" என்பதுதான் அவர் வாயில் அதிகம் வந்த சொல். நாளை தலைவர்கள் நெய்யாற்றின்கரைக்கு வருகிறார்களாம் என்று யாராவது சொன்னால் தெளிவு உண்டா என்பார். பெருங்கடவிளையில் இரண்டு தலையோடு கன்று பிறந்ததாம் என்றாலும் அதே கேள்விதான். ஒருமுறை குளத்தூர்க்காரர் ஒருவர் காய்ச்சலுக்கு ஒரு தர்காவிலிருந்து ஓதிய நூல் வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கம்பவுண்டர் அதை அவிழ்க்கச் சொல்வாரோ என்று அவருக்குப் பயம், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். கம்பவுண்டர் சொன்னார்: "நூலு கெடக்கட்டும். மிக்சரை மட்டும் விடாமக் குடியும். நூலுக்குத் தெளிவு இல்ல, மிக்சருக்கு உண்டு."

அவர் யாரையும் கேலி செய்ததில்லை. சண்டை பிடித்ததும் இல்லை. அதனால் ஊரில் அவருக்கு விரோதிகள் கிடையாது. நண்பர்களும் கிடையாது. பள்ளியில் தொழுகை முடிந்து நாலு பேர் கூடி நின்று பேசும் இடத்தில் அவர் நின்றதில்லை. பெருநாளன்று டிஸ்பென்சரியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். மனைவியைப் பற்றி என்னிடம் அவர் பேசியது ஒரே ஒரு முறை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் எத்தனை ஊரில் தமிழ் பேசுகிறார்கள் என்று நான் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் என்ன பாஷை என்று கேட்டேன். "சண்டை மலையாளத்துல. பின்ன சோறு போட்டுக் கூப்பிடுதது தமிழ்ல" என்றார். பிறகு, "இப்பம் ரெண்டும் இல்ல" என்றார். என் நோட்டில் அந்த வீட்டுக்கு நேரே நான் எதுவும் எழுதவில்லை.

கபர்களுக்குப் போவதை சியாரத் என்பார்கள். அது பற்றி அவர்களுக்குள் இருந்த வேறுபாட்டை நான் அந்நாளில் கேட்டும் படித்தும் ஒருவாறு தெரிந்துகொண்டேன். வேற்று மதத்துக்காரன் சொல்வது. பிழை இருந்தால் என்னுடையது. நபி முதலில் கபர்களுக்குப் போவதைத் தடுத்தார், பிறகு போங்கள் என்று அனுமதித்தார், அது மறுமையை நினைவூட்டும் என்றார். இதுவரை எல்லோருக்கும் ஒரே பாதைதான். அதற்குப் பிறகு பிரிகிறது. கம்பவுண்டரின் கருத்தில் சியாரத்துக்கு இரண்டே காரணம்: நம் சாவை நினைத்துக்கொள்வது, அங்கே கிடப்பவர்களுக்காக இறைவனிடம் கேட்பது. விளக்கு, பூ, பச்சைத் துணி, கட்டடம், அவர்களிடம் போய் நம் தேவையைக் கேட்பது எதற்கும் தெளிவு இல்லை. அவருடைய மாமியாரின் கருத்து வேறு. வெள்ளிக்கிழமை யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று மண்ணுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும் என்றும், பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினால் அவர்களுக்குக் குளிர்ச்சி என்றும் நம்பினார். வருஷத்தில் ஒருமுறை கடற்கரைத் தர்காவுக்கு நேர்ச்சை கொண்டுபோகிறவர். பள்ளியில் தொழவைத்த உஸ்தாது இரண்டுக்கும் நடுவில் இருந்தார். ஓதலாம், நல்லடியாரின் பொருட்டால் இறைவனிடம் கேட்கலாம், அடியாரிடமே கேட்கக் கூடாது என்பது அவருக்கு அவருடைய ஆசிரியர்கள் சொல்லித்தந்தது.

பெண்கள் கபர்களுக்குப் போகலாமா என்பதிலும் அப்படித்தான். வெறுக்கத்தக்கது என்பவர்கள் உண்டு, ஒப்பாரி வைக்காமல் போனால் தவறில்லை என்பவர்களும் உண்டு. "ரெண்டு பக்கமும் கித்தாபு உண்டு பிள்ளே" என்றார் உஸ்தாது, மார்க்க நூல்களைச் சொல்லி. ஆனால் எங்கள் ஊர்ப் பறம்பில் பெண்கள் நுழைவதில்லை என்பது பழைய வழக்கம். கம்பவுண்டரிடமும் கேட்டேன். அவர் மருந்துப் புட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அதுல ரெண்டு தரப்புக்கும் தெளிவு கெடக்கு. நான் வாய் திறக்க மாட்டேன்" என்றார். அவர் திறந்திருந்தால் உஸ்தாது கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அவருடைய மனைவி இறந்தது 1953இல், எங்கள் பக்கத்தில் காய்ச்சல் வந்த மழைக்காலத்தில். அந்த ஒரு பருவத்தில் பறம்பில் ஒரே வரிசையில் ஆறு கபர்கள் வெட்டினார்கள். ஆறு பேருக்கும் குப்பியில் தாள் ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். மாமியார் வந்திருந்தார். ஊரில் எல்லோரும் அவரை உம்மா என்போம். மெலிந்த, உயரமான பெண்மணி. களியக்காவிளைச் சந்தைக்கு அந்தப் பக்கம் தனியாகக் குடியிருந்தார். ஒரே மகள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கொத்திய மீசான் கல் வைக்க வேண்டும், அதில் பெயரும் இறந்த நாளும் வேண்டும், மருதாணிச் செடி நட வேண்டும், நாற்பது நாள் ஓத ஆள் வைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கம்பவுண்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒரு கல் வைக்கலாம் என்றார். நபி தம் தோழர் ஒருவரின் கபருக்கு அடையாளமாகத் தம் கையாலேயே கல் வைத்தார், அதற்குத் தெளிவு உண்டு. எழுத்து வேண்டாம்.

"எனக்க மோளுக்குப் பேரு இல்லியா மருமவனே?" என்றார் உம்மா.

"அல்லாவுக்குத் தெரியும் மாமி."

"அல்லாவுக்குத் தெரியும். எனக்கு?"

கம்பவுண்டர் முற்றத்தில் இறங்கினார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் பாறையடியில் தேடி, முழ நீளத்தில் ஒரு கறுத்த கல்லை எடுத்துக் கழுவி, தோளில் வைத்துக் கொண்டுபோய்த் தலைமாட்டில் நட்டார். அதுதான் அவர் கபரின் பக்கத்தில் போன கடைசி முறை. பக்கத்தில் போய் நிற்க ஆரம்பித்தால் ஒரு நாள் அவளிடம் பேசிவிடுவேன் என்று உஸ்தாதிடம் சொன்னாராம். பேசுவதற்குத் தெளிவு இல்லை.

மாமியாரும் மருமகனும் அதற்குப் பிறகு ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் உம்மா இரண்டு மைல் நடந்து வருவார். வெள்ளைத் துணியால் தலையை மூடிக்கொண்டு, கிழக்கு மதிலுக்கு வெளியே ரோட்டில் நிற்பார். மேற்கே வாசலில் கம்பவுண்டர், கிழக்கே மதிலுக்கு அப்பால் உம்மா, நடுவில் கபர்கள். மாடியிலிருந்து பார்க்கும் எனக்கு மட்டும்தான் இருவரும் ஒன்றாகத் தெரிவார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. கம்பவுண்டர் போன பிறகும் உம்மா நிற்பார். அவர் நிற்கும் நேரத்தை நான் கடிகாரத்தில் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் என் வேலை நடக்காது.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1954 எல்லைப் போராட்டத்தின் உச்சம். தமிழ் பேசும் தென் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம், கைது, தடியடி. ஆகஸ்டு 11, புதன்கிழமை, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு. கொல்லம் ஆண்டு 1129, கர்க்கிடக மாதம், விட்டுவிட்டு மழை. பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அந்த வாரத்துப் பக்கங்கள் மட்டும் வெறுமையாக இருக்கின்றன. போலீஸ் வீடு வீடாகச் சோதனை போடுவதாகப் பேச்சு, அதனால் எழுதவில்லை என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் ஒரு நண்பகல், நெய்யாற்றின்கரையிலிருந்து போலீஸ் வண்டி வருகிறது என்று செய்தி வந்தது. நாங்கள் ஆறேழு பேர் ரோட்டை மறிக்கக் கல் அடுக்கினோம். பறம்பின் தெற்கு மதில் சாந்து பூசாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டியது. மழையில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அந்தக் கற்களை எடுத்தோம். போதவில்லை. நான் சரிந்த இடம் வழியாக உள்ளே போனேன். எழுத்துக் கொத்திய கற்கள் இரண்டு மூன்று இருந்தன. அவை என்ன என்று எனக்குத் தெரியும், அவற்றைத் தொடவில்லை. புல்லில் பாதி சாய்ந்து ஒரு கறுத்த கல் கிடந்தது. வாரந்தோறும் ஜன்னலிலிருந்து பார்த்த கல்தான். அருகில், மழையில், ஓடுகிற அவசரத்தில் அது மதிலிலிருந்து உருண்டு வந்த இன்னொரு கல்லாகத்தான் எனக்குத் தெரிந்தது. அதில் ஓர் எழுத்து இருந்திருந்தால் என் கை போயிருக்காது. தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். வண்டி வந்தது, அடி விழுந்தது, சிதறினோம். கற்களைப் போலீஸ்காரர்கள் ஓடையில் தள்ளினார்கள்.

என்ன செய்தேன் என்பது அன்று மாலைதான் எனக்கு உறைத்தது. முதுகில் தடி பட்ட இடத்தில் அம்மா எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் கூடத் தடை போட்டார்கள். ஐந்து வெள்ளிக்கிழமை வெளியூர் ஆட்கள் யாரும் ஜும்மாவுக்கு வரவில்லை. கம்பவுண்டருக்கும் பாறசாலையிலேயே இருக்கும்படி ஆயிற்று, அடிபட்டவர்கள் நிறைய. மதில் திறந்து கிடந்ததால் ஆடுகள் புகுந்து மற்ற கபர்களில் நட்டிருந்த மருதாணிச் செடிகளை மூட்டோடு தின்றுவிட்டன. மழை மண்மேடுகளைக் கரைத்தது. பிறகு புல் முளைத்தது.

ஆறாவது வெள்ளிக்கிழமை அவர் வாசலைத் திறந்தார். ஓரடி உள்ளே வைத்தார். ஸலாம் சொல்லவில்லை. நான் மேலே கடிகாரத்துக்குக் கீழே நின்றிருந்தேன். நாலு நிமிடம். பிறகு உள்ளே நடந்தார். அந்த வரிசையின் ஓரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனார், திரும்பி வந்தார். குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார். குழி வெட்டிய மோதினார் அந்த ஆண்டு மேட மாதத்தில்தான் இறந்திருந்தார். ஆறில் எது என்று கேட்க ஆள் இல்லை. கம்பவுண்டர் திரும்ப வாசலுக்கு வந்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். உம்மா அன்று வந்திருக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து மறுபடியும் நாற்பது வினாடி. உம்மாவும் வர ஆரம்பித்தார். எல்லாம் முன்போலவே இருந்தது, கம்பவுண்டர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றதைத் தவிர. ஒரு முறை டிஸ்பென்சரியில் நான் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோனேன். அவர் தாள் வெட்டிக்கொண்டிருந்தார். "ஸலாம் மொத்தப் பறம்புக்குமாக்கும் தம்பி. 'இங்கே குடியிருப்பவர்களே' எண்ணுதான் வாசகம். ஆளு பாத்துச் சொல்லணும்ணு இல்ல" என்றார். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமலே கொடுத்தார். அந்த நோயாளி வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். ஆறு வேளை மருந்துக்கு ஏழு பல் வெட்டியிருந்தது.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் சொல்லவில்லை.

1956 நவம்பர் 1, வியாழக்கிழமை. களியக்காவிளை இருந்த விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. எங்கள் நெய்யாற்றின்கரை போகவில்லை. கல் அடுக்கி அடிபட்ட நாங்கள் எல்லோரும் கேரளத்தில் மிச்சமானோம். வெற்றி விழா இரண்டு மைலுக்கு அப்பால் நடந்தது. வேட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை. உம்மா வேறு மாநிலத்திலிருந்து நடந்து வந்து, வழக்கம்போல மதிலுக்கு வெளியே நின்றார்.

அன்று சாயாக்கடையில் ஒருவர் கம்பவுண்டரைப் பிடித்துக்கொண்டார். மூன்று பள்ளிகளைத் தவிர வேறெங்கும் புண்ணியம் தேடிப் பயணம் கட்டாதீர்கள் என்று ஒரு நபிமொழி இருக்கிறது. தர்காக்களுக்குக் கூட்டமாகப் பயணம் போகிறவர்களிடம் கம்பவுண்டர் அதைத்தான் எடுத்துச் சொல்வார். அந்த ஆள் அதை வைத்தே அவரை மடக்கினார்.

"கம்பவுண்டரே, ஒமக்க மாமி இனி ஸ்டேட்டு விட்டு ஸ்டேட்டு வந்தாக்கும் கபரைக் காணணும். அப்பம் அது பயணம் ஆச்சுல்லா? நீரு வெலக்கணும்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. அதை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மூன்றாம் நாள் அதே சாயாக்கடைக்கு வந்து, அதே ஆளைத் தேடிப் பிடித்துப் பதில் சொன்னார்.

"பாத்தேன். பயணம் எண்ணு சொல்ல ரெண்டு நாளு நடை வேணும். சர்க்கார் கல்லு நட்டா தூரம் கூடாது. மாமிக்கு இப்பமும் ரெண்டு மைலுதான். அவங்க வரலாம்."

பேச்சே இல்லாத மாமியாருக்காக அவர் மூன்று நாள் கித்தாபு தேடியிருக்கிறார். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவர் பின்னாலேயே டிஸ்பென்சரிக்குப் போனேன். உச்சி நேரம், நோயாளிகள் இல்லை. அவர் கல்வத்தில் ஏதோ அரைக்க ஆரம்பித்திருந்தார்.

"காக்கா, பறம்புல கெடந்த கறுத்த கல்லை எடுத்தது நானாக்கும்."

கை நின்றது.

"எதுக்கு?"

"ரோட்டை மறிக்க."

"மறிஞ்சுதா?"

"இல்ல."

அவர் குழவியைத் துடைத்து வைத்தார். கைகளைக் கழுவினார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நல்லது. "எந்த எடத்துல நிண்ணு எடுத்தே, காட்டித் தருவியா?" என்று மட்டும் கேட்டார். டாக்டரிடம் சொல்லிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால்.

பறம்பின் வாசலில் அவர் நின்றுவிட்டார். நான் முன்னால் போனேன். மதில் மறுபடி கட்டியிருந்தார்கள். எந்த இடம் சரிந்திருந்தது என்பதே மறைந்துவிட்டது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்துப் பழகிய வரிசை கீழே நின்று பார்க்கும்போது வேறாக இருந்தது. ஆறு மேடுகள், அரையடி கூட உயரமில்லை. மூன்றாவதாக இருக்கலாம், முதலாவதாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. நிச்சயம் இல்லாத தேதியை நான் இன்றுவரை எழுதியதில்லை. சுமார் என்று குறிப்பேன், அல்லது விட்டுவிடுவேன். திரும்பிப் பார்த்தேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

வரிசையின் முதல் மேட்டைக் காட்டி, "இங்க" என்றேன்.

"நிச்சயமாட்டும் அங்கதானா?"

"ஆமா காக்கா."

அவர் உள்ளே வந்தார். நான் காட்டிய மேட்டின் தலைமாட்டில் நின்றார். நான் வெளியே வந்து ரோட்டின் அந்தப் பக்கம் நின்றேன். பேசினாரா என்று தெரியாது. தோள் குலுங்கியது. மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு முறை தவிர ஒரு நிமிடம்கூட நிற்காத மனிதர் அன்று வாசலைச் சாத்தியபோது அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள்.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் உள்ளே போனார். ஸலாமை வாசலில் எல்லோருக்குமாகச் சொல்லிவிட்டு, பிறகு அந்த மேட்டருகே போய் நிற்பார். மறுபடி கல் நடவில்லை. அவர் அப்படி நடந்துபோன முதல் வெள்ளிக்கிழமை, மதிலுக்கு வெளியே உம்மா நிமிர்ந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. வாயைத் திறந்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். மருமகன் ஒருவழியாக மகளிடம் போனதில் மனம் நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஊரிலும் அப்படித்தான் பேசினார்கள். கம்பவுண்டர் மாறிவிட்டார் என்றார்கள் சிலர். உஸ்தாது மட்டும், அவர் எதையும் மாற்றவில்லை, இருபத்தைந்து அடி கூடுதலாக நடக்கிறார் அவ்வளவுதான் என்றார்.

ஐந்தாண்டு கழித்து, ஒரு மிதுன மாத மழையில், மிக்சர் கலக்கிக்கொண்டிருந்தவர் ஸ்டூலிலிருந்து சரிந்தார். டாக்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார். பிரயோஜனம் இல்லை. மனைவியின் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று உஸ்தாதிடம் முன்பே கேட்டு வைத்திருந்தார். அந்த இடம் எல்லோருக்கும் தெரிந்த இடம் ஆகிவிட்டது. வாரா வாரம் அவரே காட்டிக் கொடுத்ததுதானே. அன்று மாலையே அடக்கினார்கள். நான் மண் போடவில்லை, வாசலில் நின்றேன்.

களியக்காவிளைக்குச் செய்தி தாமதமாகத்தான் போயிருக்கிறது. உம்மா மறுநாள் மதியம் வந்தார். மதில் பக்கம் போகவில்லை. நேரே வாசலுக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன்.

"உஸ்தாது உண்டா மக்கா?"

"உள்ள ஓதிட்டிருக்காரு உம்மா."

"ஓதட்டு" என்று சொல்லிக் கொக்கியை எடுத்தார்.

பள்ளியின் பின்பக்க ஜன்னலில் உஸ்தாதின் தலை தெரிந்தது. எங்களைப் பார்த்தார். ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டார்.

உம்மா ஈர மண்ணில் கால் பதித்து நடந்தார். புதிய செம்மண் மேட்டருகே நின்று மருமகனுக்கு ஏதோ ஓதினார். பிறகு அதற்கு அடுத்த மேட்டை, நான் காட்டிக்கொடுத்த மேட்டைக் கடந்து போனார். இன்னும் போனார். வரிசையின் கடைசி மேட்டருகே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வயதான கண், தெரியவில்லை என்று நினைத்து நான் உள்ளே போனேன்.

"உம்மா, இங்கயாக்கும்."

"இல்ல மக்கா. எனக்க மோளு இங்க கெடக்கா."

அவர் கை ஈரப் புல்லைத் தடவிக்கொண்டிருந்தது.

"எப்படித் தெரியும் உம்மா?"

"என்னை உள்ள விடல்லியே. மதிலுக்கு அந்தால அயினி மரம் நிக்குல்லா, அதுக்க மூட்டுல நிண்ணாக்கும் இவளை எறக்கினதைக் கண்டேன். அண்ணு முதல் அங்கன தான் நிக்கேன். நேரா பாத்தா இது. கல்லு இருந்தாலும் போனாலும் எனக்கு இது தான்."

எட்டு ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்ற ஒருவரை நாங்கள் யாரும் கேட்கவில்லை. உள்ளே வராதவருக்கு என்ன தெரியும் என்றுதான் நானும் இருந்திருக்கிறேன்.

"காக்காட்ட சொல்லியிருக்கலாமே."

"அவருக்குத் தெரியாதுண்ணு எனக்கு எப்படித் தெரியும்? வாசல்ல தானே நிப்பாரு. உள்ள வந்து அங்கன போயி நிண்ணப்பம் தான் கண்டேன். நாக்கு வரைக்கும் வந்துது." புல்லிலிருந்து கையை எடுத்தார். "அழுதாரு மக்கா. அவரு அழுது நான் கண்டதில்ல. அதில்ல இதுண்ணு எப்படிச் சொல்ல? மூத்தவ நான்லா. நான் கெடையில விழும்போ சொல்லி அனுப்பலாம்ணு வச்சிருந்தேன். இவரு முந்துவாருண்ணு ஆரு கண்டா?"

அந்த இடத்தைக் காட்டியது நான்தான், நிச்சயமில்லாமல் காட்டினேன், கல்லை எடுத்ததும் நான்தான் என்று சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு புதிய மேட்டின் பக்கம் பார்த்தார்.

"ரெண்டுக்கும் எவ்வளவு வரும், அளந்து சொல்லு."

கபர்களை மிதிக்காமல், ஓரமாக, குதிகாலை விரலோடு சேர்த்து வைத்து அளந்தேன். மழை மறுபடி தூற ஆரம்பித்தது. செம்மண்ணின் விளிம்பிலிருந்து அவர் உட்கார்ந்திருந்த இடம் வரை பதினேழு அடி. நடுவே ஐந்து பேர்.

"பதினேழு அடி உம்மா."

அவர் மருமகனின் மேட்டையும் மகளின் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேசினா கேக்கும்" என்றார்.